சதுரங்கத்தின் தொடக்கப் பொறிகள்: தக்லீதும் தஹ்கீக்கும்

1988ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் நடைபெற்ற சதுரங்கப் போட்டியில், கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவிடம் நம் தமிழகத்தின் விசுவநாதன் ஆனந்த் ஆறே நகர்வுகளில் தோல்வியை ஒப்புக்கொண்டார். முந்தைய ஆண்டில் உலக இளையோர் பட்டத்தை வென்றவர் அவர். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்னும் சிறப்பைப் பெற்றதும் அதே 1988இல்தான். பிற்காலத்தில் ஐந்து முறை உலகப் பட்டம் சூடிய ஒருவர் ஆறாம் நகர்விலேயே வீழ்ந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கான விடை ஓர் ஆட்டத்தின் கதையோடு முடிவதன்று. அறிவை நாம் எவ்வாறு பெறுகிறோம் என்பதையும் அது தொட்டு நிற்கிறது.

முதலில் ஆட்டத்தைக் காண்போம். ரஷ்ய ஆட்டக்காரர் பெட்ரோவின் பெயரால் வழங்கும் தற்காப்பை ஆனந்த் கையாண்டார். இரு தரப்பு ராஜாக்களுக்கும் முன்னிருந்த சிப்பாய்கள் வெட்டுண்டு அகன்றன. கறுப்புக் குதிரை ஒன்று பலகையின் நடுவே, தன் ராஜாவுக்கு நேர் வரிசையில் நின்றது. வெள்ளை தனது இரண்டாம் குதிரையால் அதைத் தாக்கவே, ஆனந்த் ஐந்தாம் நகர்வில் பிஷப்பை வெளியே கொணர்ந்து அதற்குக் காவல் வைத்தார். பார்வைக்கு இயல்பான நகர்வுதான். ஆனால் சபாட்டா தம் ராணியை ராஜாவுக்கு முன்னுள்ள கட்டத்தில் வைத்ததும் எல்லாம் மாறிவிட்டது. கறுப்புக் குதிரை விலகினால் அதன் ராஜாவுக்கு ஷாஹ் விழும். ஆதலால் அது அசைய இயலாது. இன்னொரு சிப்பாயால் அதற்குக் காவலைக் கூட்டினாலும், வெள்ளைச் சிப்பாய் ஒன்று ஓர் அடி முன்வந்து அதைத் தாக்கிவிடும். குதிரையை இழப்பது உறுதி என்றறிந்த ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

இந்த ஐந்தாம் நகர்வு அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பன்று. 1987இல் சான்பிரான்சிஸ்கோவில் இங்கிலாந்தின் டோனி மைல்ஸும் அமெரிக்காவின் லாரி கிறிஸ்டியன்சனும் மோதிய ஆட்டத்தில் கிறிஸ்டியன்சன் இதே நகர்வை ஆடியிருந்தார். மைல்ஸ் ராணியை நகர்த்தாமல் வேறு வழியில் செல்ல, ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அச்சேறிய அந்த ஆட்டத்தை நம்பியே ஆனந்த் அவ்வழியில் சென்றார். ஆடியவர் இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள். ஆட்டமோ அச்சில் வந்துவிட்டது. பிறகு ஐயத்துக்கு இடமேது? பொறி சபாட்டா வைத்ததன்று. ஏட்டிலிருந்து எடுத்து வரப்பட்டது.

ஆராயாமல் ஒருவரைப் பின்பற்றுவதைத் 'தக்லீத்' என்றும், மூலத்தைத் துருவி ஆய்ந்து ஏற்பதைத் 'தஹ்கீக்' என்றும் நம் அறிவு மரபு பிரித்துரைக்கிறது. அறிவிப்பாளர் எவ்வளவு புகழ் பெற்றவராயினும், அறிவிப்பின் தொடரும் கருத்தும் ஆராயப்பட வேண்டும் என்று கற்பித்த மரபு அது. அம்மரபில் வளர்ந்த சதுரங்க அறிஞர்களும் இதே ஒழுங்கைப் பேணினர் என்பதை வரலாறு காட்டுகிறது.

இந்தியாவில் பிறந்து பாரசீகம் வழியே அரபுலகை அடைந்த சதுரங்கம் அங்கு 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அல்-அத்லீ அதைப் பற்றித் தனி நூல் இயற்றினார். கலீபா அல்-முதவக்கிலின் (847–861) முன்னிலையில் அர்-ராஸீ அவரை வென்றார். பின்னர் கலீபா அல்-முக்தஃபியின் (902–908) அவையில், கலீபாவின் அன்புக்குரிய ஆட்டக்காரராக விளங்கிய அல்-மாவர்தீயை அபூபக்ர் அஸ்-ஸூலீ தோற்கடித்தார். (இந்த மாவர்தீ, நூறாண்டுக்குப் பின் வாழ்ந்த புகழ்பெற்ற சட்ட அறிஞர் அல்லர்.) வரலாற்றாசிரியராகவும் இலக்கியவாதியாகவும் திகழ்ந்த அஸ்-ஸூலீ, அல்-அத்லீயின் நூலை அப்படியே வழிமொழியவில்லை, அதிலுள்ள பிழைகளை எடுத்துக்காட்டித் தம் நூலை எழுதினார். முன்னோரை மதிப்பதும் அவர்தம் கூற்றைச் சோதிப்பதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை.

அவர்கள் காலத்து ஆட்டத்தில் இன்றுள்ளவை போன்ற தொடக்கப் பொறிகளுக்கு அதிக இடமில்லை. இன்றைய ராணியின் இடத்தில் நின்ற 'ஃபிர்ஸான்' என்னும் அமைச்சர் மூலைவாட்டில் ஒரே கட்டம் செல்வார். இன்றைய பிஷப்பின் இடத்தில் நின்ற 'ஃபீல்' என்னும் யானை மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவும். சிப்பாய்க்கும் ஒரே அடிதான். ஆகவே படைகள் நெருங்கும் முன் இரு தரப்பும் தத்தம் அணிவகுப்பை அமைத்துக்கொண்டன. அதற்குத் 'தஅபியா' என்று பெயர். சிறகு விரித்தாற்போன்ற 'முஜன்னஹ்', வெள்ளம் பாய்வது போன்ற 'ஸய்யால்', பெரியோர்களின் பெயரால் அமைந்த 'மஷாயிகீ' என அவற்றுக்குப் பெயரிட்டு நூல்களில் பதிந்தனர்.

பொறிகளின் காலம் ஸ்பெயினில் தொடங்கியது. முஸ்லிம்கள் அங்கு கொண்டுசென்ற ஆட்டத்தைக் காஸ்டீல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ 1283இல் ஓவியங்களுடன் நூலாக்கினார். அதிலிருந்த புதிர்களில் பெரும்பாலானவை அரபு மரபைச் சார்ந்தவை. ஏறத்தாழ 1475இல் வலென்சியாவில் புதிய விதிகள் தோன்றின. மெல்ல நடந்த அமைச்சர், எத்திசையிலும் பாயும் ராணியாக மாறினார். யானை நெடுந்தூரம் செல்லும் பிஷப் ஆயிற்று. இனி நான்கே நகர்வுகளில் ராஜா மடியலாம் என்றானது. 1497இல் லூசேனாவின் நூலும், 1512இல் தமியானோவின் நூலும் அச்சேறின. ஆனந்த் ஆடிய அதே பெட்ரோவ் தற்காப்பில் தமியானோவின் பெயரால் வழங்கும் பொறி ஒன்று உண்டு. கறுப்பு அவசரப்பட்டு மூன்றாம் நகர்விலேயே சிப்பாயைப் பதிலுக்கு வெட்டினால், வெள்ளை ராணி ராஜாவுக்கு முன் வந்து நிற்கும். கறுப்புக் குதிரை பின்வாங்கினால் கறுப்பு ராணியே பறிபோகும். பீல் நகரில் சபாட்டா ஆடியதும் ராணியின் இதே நகர்வுதான்!

ஏடறியாமலே பொறிகளைக் கடந்தவர்களும் உண்டு. பஞ்சாபின் மீர் சுல்தான் கான் (1903–1966) பழைய இந்திய விதிகளில் பயின்றவர். 1929இல் இலண்டன் சென்றபோது ஐரோப்பியத் தொடக்க நூலறிவு அவருக்கு மிகக் குறைவு. எனினும் 1929, 1932, 1933 ஆண்டுகளில் பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார். 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக வாகையர் கபபிளாங்காவையே வீழ்த்தினார். நூலறிவின் குறையைப் பலகையில் செலுத்திய பொறுமையால் அவர் ஈடு செய்தார். 2024இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது.

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்கவை சில. எதிரி தவறுவார் என்ற ஒரே நம்பிக்கையில் பொறி வைப்பவர், அவர் தவறாதபோது தாமே நலிந்து நிற்பார். எதிரி தவறாவிடினும் தன்னளவில் நல்லதாக உள்ள நகர்விலேயே பொறியும் அமைய வேண்டும். பொறியைத் தவிர்க்க விரும்புபவர், இலவசமாகக் கிடைக்கும் சிப்பாயைக் கண்டதும் கை நீட்டாமல், 'இதை ஏன் விட்டுவைத்தார்?' என்று கேட்க வேண்டும். ராஜாவின் வரிசை திறந்திருக்கும்போது எதிரியின் ராணி அங்கு வருமா என்று ஒவ்வொரு நகர்விலும் நோக்க வேண்டும். ஏட்டில் கற்ற நகர்வாயினும், அதன் காரணத்தை அறிந்த பின்னரே ஆட வேண்டும்.

சதுரங்கம் குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பந்தயமின்றி, தொழுகைக்கு இடையூறின்றி ஆடுவதை ஷாஃபிஈ மத்ஹபினர் மக்ரூஹ் என்றனர். ஏனைய மத்ஹபுகளின் அறிஞர் பலர் இன்னும் கடுமையாக விலக்கினர். அவ்விவாதத்தைத் தீர்ப்பது இங்கு நம் நோக்கமன்று. ஆட்டத்தை விலக்குபவரும் ஏற்கத்தக்க படிப்பினை ஒன்று இதில் இருப்பதையே சுட்ட விழைகிறோம்.

இன்று ஆய்க்குடி போன்ற ஊரிலுள்ள மாணவனின் கைப்பேசியிலும், உலக வாகையரை விஞ்சும் சதுரங்கக் கணிப்பொறி நிரல் கிடைக்கிறது. ஆனந்த் சிக்கிய பிழையை அது நொடியில் காட்டிவிடும். ஆயினும் அது சொல்வதைக் காரணம் அறியாமல் மனனம் செய்பவன், ஏட்டுக்குப் பதிலாகக் கருவியைத் தக்லீத் செய்கிறான். பலகையின் முன் தனித்து அமரும்போது கருவி அவனுக்கு உதவ வராது. ஆனந்த் அந்த ஆறு நகர்வுத் தோல்வியோடு நின்றுவிடவில்லை. தொடக்க ஆய்வில் உலகமே மதிக்கும் ஆழத்தைப் பிற்காலத்தில் எட்டினார். ஏட்டைத் துறந்து அவர் அந்நிலையை அடையவில்லை. ஏட்டையே ஆராய்ந்து அடைந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் அஸ்-ஸூலீ செய்ததும் அதுவே.