மட்டி வாடினால் முதலில் எதைக் கேட்பது

வீட்டுப் பவளத்தொட்டியில் வளரும் ராட்சத மட்டி நலம் கெடும்போது காட்டும் அறிகுறிகள் சிலதான். ஓட்டின் விளிம்பைத் தாண்டி வழிந்து விரிந்திருக்க வேண்டிய வண்ணச் சதைமடிப்பு, அதாவது மேன்டில், உள்ளுக்குள் சுருங்கும். நீரை உள்ளிழுக்கும் துளை அளவுக்கு மீறி அகன்று பிளந்து நிற்கும். பழுப்பும் நீலமும் மங்கிச் சதை வெளிறும். நிழல் பட்டதும் வெடுக்கென்று மூடிக்கொள்ளும் இயல்பு மந்தப்படும். ஓட்டின் ஓரத்தில் வளர்ச்சியைக் காட்டும் புது வெள்ளைக் கோடு நின்றுபோகும். தேர்ந்த வளர்ப்பாளர் இவற்றைக் கண்டதும் மட்டிக்கு மருந்து தேடுவதில்லை. விளக்கு எத்தனை நாளானது, உப்புத்தன்மை சரிந்ததா, வெப்பம் ஏறியதா, கால்சியமும் காரத்தன்மையும் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார். புழுவும் நத்தையும் நுண்ணுயிரும் அதற்குப் பிறகே வருகின்றன. இந்த வரிசை பொதுப்புத்தியில் விளைந்ததன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்த உயிர் எதைத் தின்று வாழ்கிறது என்ற கேள்விக்கு அறிவியல் தந்த விடை மாறியதால், பண்ணைகள் அந்த விடையை நீரில் சோதித்துப் பார்த்ததால், கேள்விகளின் வரிசையும் மாறியது.

1928–29இல் மாரிஸ் யங் தலைமையில் ஒரு பிரிட்டிஷ் ஆய்வுக்குழு ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் உள்ள லோ தீவுகளில் தங்கி வேலை செய்தது. அங்கே பார்த்தவற்றை வைத்து யங் 1936இல் ராட்சத மட்டிகளின் உணவு, செரிமானம் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். மேன்டிலுக்குள் கோடிக்கணக்கான ஒற்றைச்செல் பாசிகள் வாழ்வதையும், அவற்றுக்கு வெயில் கிடைக்கும்படி மட்டியின் உடலே திரும்பி அமைந்திருப்பதையும் அவர் துல்லியமாக விளக்கினார். ஆனால் பாசியால் மட்டிக்கு என்ன பயன் என்ற இடத்தில் தடம் மாறினார். உழவன் பயிரை வளர்த்து அறுத்து உண்பதுபோல, மட்டி பாசியை வளர்த்து, இரத்தச் செல்கள் வழியே செரிமானப் பகுதிக்குக் கொண்டுபோய்ச் செரித்துவிடுகிறது என்றார். இந்தக் கணக்கின்படி வெளிறிய மட்டி தன் சேமிப்பைத் தின்று தீர்த்த மட்டி. அதற்கு வேண்டியது உணவு. சிப்பி இனம் முழுவதும் நீரை வடிகட்டி உண்பது என்ற பழைய அறிவும் அதற்குத் துணை நின்றது. யங்கின் மேல் குறை சொல்வதற்கில்லை. அவர் கையில் இருந்த கருவிகள் பாசியின் இடத்தைக் காட்டின; பாசியிலிருந்து மட்டிக்கு என்ன போகிறது என்பதைக் காட்டும் வழி அன்று இல்லை.

அந்த வழி பின்னர் கிடைத்தது. கதிரியக்கக் கார்பனைப் பாசிக்குக் கொடுத்து அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பின்தொடர முடிந்தது. 1967இல் லெனார்ட் மஸ்கட்டைன், பவளத்திலிருந்தும் மட்டியிலிருந்தும் பிரித்தெடுத்த பாசிகள், தங்களைத் தாங்கும் விலங்கின் திசுச்சாறு பட்டவுடன் கிளிசராலை வெளியே கசியவிடுவதைக் காட்டினார். பாசியைக் கொன்று தின்ன வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும் பாசியே உணவைத் தருகிறது. மட்டியின் கழிவில் பாசிகள் உயிருடன் வெளிவருவதும் பின்னர் பதிவானது. 1992இல் ஆஸ்திரேலியாவில் நார்ட்டனும் உடன் ஆய்வாளர்களும், வயிற்றிலிருந்து கிளம்பி மேன்டில் வரை கிளைவிடும் நுண்குழாய்களுக்குள்தான் பாசிகள் வாழ்கின்றன என்று நிறுவினார்கள். வயிற்றுக்கும் மேன்டிலுக்கும் இணைப்பு உண்டு என்று 1946இலேயே மன்சூர் என்னும் ஆய்வாளர் எழுதியிருந்தார்; அது ஏற்கப்படாமல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. எனக்கு இது வருத்தம் தரும் பகுதி. அந்தக் குறிப்பை அன்றே எவரேனும் பொறுமையாகச் சரிபார்த்திருந்தால் விடை ஒரு தலைமுறை முன்னால் வந்திருக்கலாம்.

நிழல் பட்டதும் மட்டி மூடிக்கொள்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கும் இதே போன்ற வரலாறு உண்டு. மேன்டிலின் ஓரத்தில் வரிசையாகத் தெரியும் கண்ணாடிப் புள்ளிகளை, வெளிச்சத்தைக் குவித்து உள்ளே இருக்கும் பாசிக்கு அனுப்பும் வில்லைகள் என்று யங் கருதினார். அவை கண்கள் என்பது பின்னால்தான் தெளிவாயிற்று: ஊசித்துளைக் கண்கள், ஒரே மட்டியில் நூற்றுக்கணக்கில். தொட்டிக்கு மேல் கையை அசைத்தால் மட்டி சுருங்குவது பார்வையும் நரம்பும் தசையும் ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். அந்தப் புள்ளிகள் வில்லைகளாகவே நினைக்கப்பட்டிருந்தால், கை அசைத்ததற்கு மட்டி பேசாமல் இருப்பதை எவரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஆய்வகத்துக்கு முன்பே வளர்ப்பவர்களின் கை இதை அறிந்திருக்கவில்லையா? நியாயமான கேள்வி. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள பாறை, காற்றுக் குமிழி, சூரிய வெளிச்சம் ஆகியவற்றை நம்பிக் கடல் உயிர்களை வளர்த்த முறையை 1961இல் ஒரு அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் எழுதினார். பெர்லின் வளர்ப்பாளர்கள் அதே எண்ணத்தை உயிர்ப்பாறையும் வலிய விளக்கும் நுரைப்பிரிப்பானுமாக விரித்தார்கள்; 1980களில் மெட்டல் ஹாலைடு விளக்குகள் பரவியபோது பவளத்தொட்டி வீட்டுக்கு உரியதாயிற்று. கை முந்தியது என்பது உண்மை. ஆனால் வெளிச்சத்தில் உயிர்கள் செழிக்கின்றன என்று அறிவது ஒன்று. செழிக்காதபோது காரணத்தை எங்கே தேடுவது என்று அறிவது வேறு. லீயின் முறை எல்லாவற்றையும் ஒருசேரக் கொடுத்தது. அதில் ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பிரித்துப் பார்க்க, ஒரே வயதுடைய ஆயிரக்கணக்கான மட்டிகள் வேண்டியிருந்தன.

அவை பலாவ் தீவுகளில் கிடைத்தன. வேற்றுநாட்டு மீன்பிடிப் படகுகள் மூடுதசைக்காகப் பசிபிக் திட்டுகளில் மட்டிகளை அள்ளிச் சென்றதால் பெரிய இனங்கள் பல இடங்களில் அருகிப்போயின. 1983இல் டிரிடாக்னா ஜைகாஸ், டிரிடாக்னா டெராசா என்னும் இரண்டு இனங்களும், 1985இல் ராட்சத மட்டிக் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இந்தியாவில் மாக்சிமா, ஸ்குவாமோசா, ஹிப்போபஸ் ஆகிய மட்டி இனங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வந்தன. கடலிலிருந்து எடுப்பது சுருங்க, வளர்த்தெடுப்பது வேலையானது. பலாவின் மலக்கல் தீவில் இருந்த பண்ணையில் ஜெரால்ட் ஹெஸ்லிங்காவும் உடன் வேலை செய்தவர்களும் 1980களில் டெராசா மட்டிகளைப் பெருமளவில் பொரிக்கவைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஆர்ஃபியஸ் தீவிலும் அதே காலத்தில் ஜைகாஸ் வளர்ந்தது. பாசி முட்டையோடு வருவதில்லை, குஞ்சு அதை நீரிலிருந்து பெறுகிறது என்பது பண்ணையில் அன்றாடப் பாடமாயிற்று. பெரிய மட்டியின் மேன்டிலிலிருந்து பாசியை எடுத்துக் குஞ்சுத்தொட்டியில் கலக்க வேண்டியிருந்தது. இன்னொரு பாடம் வளர்ப்பாளர்களின் நம்பிக்கையையே தலைகீழாக்கியது. நீரில் அம்மோனியம் போன்ற நைட்ரஜன் சிறிது சேர்த்தால் இளமட்டிகள் வேகமாக வளர்ந்தன. பாசிக்கும் உரம் வேண்டும். கண்ணாடிபோல் சுத்தமான, நைட்ரேட் சுழியைத் தொட்ட தொட்டியில் மட்டி வெளிறினால், அந்தச் சுத்தமும் குற்றவாளிகளுள் ஒன்றாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இந்தப் பண்ணைகள்தான் அடிப்படை.

வடிகட்டி உண்பதை அப்படியே தள்ளிவிடலாமா? கூடாது. 1992இல் கிளம்ப் முதலியோர் ஜைகாஸில் அளந்தபோது, மிகச் சிறியவற்றுக்குத் தேவையான கார்பனில் ஏறத்தாழ 65 விழுக்காடு வடிகட்டிய உணவிலிருந்தும், பெரியவற்றுக்கு 34 விழுக்காடு அளவிலும் கிடைப்பதைக் கண்டார்கள். யங்கின் காலத்து எண்ணத்தில் பாதி உண்மை இருந்தது. எனவே மட்டியின் அளவையும் கேட்க வேண்டும்: கட்டைவிரல் அளவு மட்டி மெலிந்தால் பசியைச் சந்தேகிப்பது நியாயம், உள்ளங்கையை மீறிய மட்டிக்கு விளக்கைப் பார்க்காமல் உணவைக் கொட்டினால் நீர்தான் கெடும்.

இதைவிட வலிய மறுப்பு நோய்களிடமிருந்து வருகிறது. 1980களின் நடுவில் ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவைச் சுற்றிய திட்டுகளில் ஜைகாஸ் மட்டிகள் பெருமளவில் இறந்தன. அங்கே வெளிச்சமும் நீரும் கடல் கொடுத்தவை; யாரும் அவற்றைக் கெடுக்கவில்லை. பெர்க்கின்சஸ் என்ற ஒட்டுண்ணி அப்பகுதி மட்டிகளில் கண்டறியப்பட்டது. இறப்புக்கு அதுவே காரணம் என்று உறுதிப்படவில்லை. விற்பனைக்கு வரும் மட்டிகளிலும் பெர்க்கின்சஸ் இனம் அகப்பட்டிருக்கிறது. அரிசிமணி அளவுள்ள நத்தைகள் இரவில் மேன்டிலின் ஓரத்தில் ஏறிச் சாறுறிஞ்சி இளமட்டிகளை மாய்க்கின்றன. மேன்டில் கிள்ளி இழுத்ததுபோல் மடிந்து நிற்கும் கோளாறுக்கு, வெப்பம் ஒத்த நன்னீரில் சிறிது நேரம் முக்கி எடுப்பது வளர்ப்பாளர்கள் கண்ட வழி. அதில் பிழைத்த மட்டிகள் உண்டு. ஆகவே நோய் இல்லை என்று நான் வாதிடவில்லை. சோதனையின் விலையைத்தான் எடைபோடுகிறேன். உப்பும் வெப்பமும் அளக்கச் சில நிமிடம் போதும், மட்டிக்குத் தீங்கில்லை. ஒட்டுண்ணி தேட மட்டியைப் பாறையிலிருந்து பெயர்க்க வேண்டும். அவசரத்தில் இழுத்தால் அடிப்புறத்துப் பற்றிழைகளோடு சதையும் கிழியும், அந்தக் காயமே அதைக் கொன்றுவிடக்கூடும். ஒரே தொட்டியில் பவளங்கள் நன்றாயிருக்க மட்டி மட்டும் வாடினால் வரிசை மாறலாம். அப்போது இரவில் விளக்கடித்து நத்தை தேடுவது முதலில் வரட்டும்.

1998இல் கடல் சூடேறியபோது ஆர்ஃபியஸ் தீவில் வளர்ந்திருந்த ஜைகாஸ் மட்டிகளில் பெரும்பாலானவை வெளிறின. யாரும் அவற்றுக்கு மருந்து கொடுக்கவில்லை. நீர் குளிர்ந்தபின் சில மாதங்களில் பெரும்பான்மையானவை மீண்டும் நிறம் பெற்றன. நீரின் குறையை மட்டியின் நோயாகக் கொள்ளக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றை நான் அறியேன். ஆனால் இதிலிருந்து சிலர் தவறான முடிவுக்கும் வருகிறார்கள்: ஒளியே உணவென்றால், வெளிறிய மட்டியை விளக்குக்கு நேர் கீழே வைத்தால் விரைவில் தேறாதா? தேறாது. பாசி குறைந்த சதைக்குள் ஒளி தடையின்றி இறங்கும். மிஞ்சியிருக்கும் சில பாசிகள் தாங்கும் அளவை மீறினால் அவையும் பழுதாகும். மங்கிய விளக்கில் வெளிறியதா, சூட்டில் வெளிறியதா என்று பிரித்தறிந்த பிறகே இடத்தை மாற்ற வேண்டும். மங்கிய விளக்கே காரணமானாலும் வாரக்கணக்கில், படிப்படியாகத்தான் ஒளியைக் கூட்ட வேண்டும்.