பீரங்கி வார்த்த கோட்டையில் மான்கள்

குளச்சல் கடற்கரையில் 1741ஆம் ஆண்டு டச்சுப் படை தோற்றபோது சரணடைந்தவர்களில் ஒருவர் டிலனாய். பகைவன் என்று அவரை ஒதுக்கிவிடவில்லை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா. தன் படைக்கு ஐரோப்பியப் போர்ப்பயிற்சி தரவும் கோட்டைகளைப் பலப்படுத்தவும் அமர்த்திக்கொண்டார். 'வலிய கப்பித்தான்' (பெரிய தளபதி) ஆகிவிட்ட அவருடைய கைபட்ட இரண்டு கோட்டைகளில் இன்று குடும்பங்கள் உலவுகின்றன.

முதலாவது, புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை. பத்மநாபபுரம் அரண்மனைக்குக் காவலாக, ஒரு குன்றையே உள்ளடக்கி ஏறத்தாழ 90 ஏக்கரில் கிடக்கிறது. திருவிதாங்கூருக்குப் பீரங்கி வார்த்த உலை இங்கேதான் இருந்தது. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் தங்கிப் போனது. இப்போது அது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. பிள்ளைகள் மான் பார்க்க வருகிறார்கள்.

மற்றது, கன்னியாகுமரிக்கு வடகிழக்கே கடலைத் தொட்டு நிற்கும் வட்டக்கோட்டை. சுமார் 25 அடி உயரக் கருங்கல் மதில். மேலே ஏறினால் ஒருபுறம் கடல், மறுபுறம் மேற்குத் தொடர்ச்சி மலை. இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

பூங்கா சரி, உள்ளேயே தங்கும் விடுதியும் கட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தரங்கம்பாடியில் அதைச் செய்து பார்த்தாயிற்று. 1620இல் எழுந்த டேனிஷ் கோட்டை, விடுதலைக்குப் பின் அரசின் ஆய்வு மாளிகையாக, அதிகாரிகள் தங்கும் இடமாக இருந்தது. 1978இல் மாநிலத் தொல்லியல் துறை அதை எடுத்துக்கொண்டது; அருங்காட்சியகம் வந்தது. பயணிகள் தங்குவதற்கு, கோட்டைக்கு வெளியே கடலோரத்தில் இருந்த பழைய பங்களா ஒன்று பிற்பாடு ஓட்டலாயிற்று. அதுவே நல்ல ஏற்பாடு. விடுதி என்றால் குளியலறை, கழிவுநீர்க் குழாய், ஜெனரேட்டர், வண்டி நிறுத்தம் எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பழஞ்சுவரைத் துளைக்க வேண்டிவரும். மத்தியத் தொல்லியல் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாதென்று 2010இல் சட்டத்தை இறுக்கியதும் காரணமில்லாமல் அல்ல.

மரமும் புல்வெளியும் கோட்டையைக் கெடுக்காது. கதை மறந்துபோவதுதான் கெடுக்கும். 1777இல் இறந்த டிலனாய் உதயகிரிக்குள்ளேயே, கூரையிழந்த சிற்றாலயத்தில் கிடக்கிறார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு மான் காட்டப் போகிறவர்கள், அந்தக் கல்லறைவரை அவர்களை நடத்திக் கூட்டிப்போய்க் குளச்சல் கதையையும் சொல்லுங்கள்.