சேத்துப்பட்டு ஆய்வகமும் காசநோய் மருத்துவமும்

காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ள நடைமுறைக்கு வலுவான சான்று, சென்னையின் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தில் கிடைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடி அமைத்த இம்மையத்தை, தொடக்க ஆண்டுகளில் வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் வழிநடத்தினார்.

நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவுமே மருந்து என்று கருதப்பட்ட காலத்தில், 1928இல் டேவிட் சவரிமுத்து என்ற மருத்துவர், காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியத்தைத் தாம்பரத்தில் நிறுவினார். 1952இல் ஐசோனியசிட் என்ற மாத்திரை வந்த பின்னரும், நோயாளிகளின் பெருந்தொகைக்கு மருத்துவமனைப் படுக்கைகள் போதவில்லை. ஆகவே, சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவர்க்குச் சானடோரியத்திலும் ஐசோனியசிட்டையும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலத்தையும் ஓராண்டு கொடுத்து ஒப்பிட்டனர்.

மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சளியே சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடித் தகட்டில் தடவிய சளியின்மீது கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடாக்கி, பின்னர் அமிலத்தால் கழுவினால், மெழுகுத்தன்மை கொண்ட உறையுடைய காசக்கிருமி மட்டும் சாயத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும்; மெத்திலீன் நீலம் பூசியபின், ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் நுண்ணோக்கியில் அது நீலப் பின்னணியில் சிவந்த கோலாகத் தெரியும். ஆனால் மருந்தால் செத்த கிருமியும் அவ்வாறே சிவக்குமாதலால், உயிருள்ளதைப் பிரித்தறிய, முட்டை கலந்த ஊடகத்தில் சளியை இட்டுக் கிருமி வளர்கிறதா என்று பல வாரம் காத்திருந்து பார்க்கும் வளர்ப்புச் சோதனையையும் மையம் இணைத்துக்கொண்டது.

1959இல் வெளியான முடிவின்படி, சானடோரியத்தில் இருந்தவர்கள் சிறந்த உணவும் கூடுதல் ஓய்வும் பெற்றிருந்தும், வீட்டிலிருந்தவர்களின் குணம் அவர்களுடையதற்கு ஏறத்தாழ இணையாகவே இருந்தது. வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதைத் தொடர்ந்த கண்காணிப்பு காட்டியது. வாரத்துக்கு இருமுறை மருந்தைப் பணியாளர் கண்முன்னே உட்கொள்ளச் செய்யும் முறையையும் இம்மையம் 1960களில் சோதித்தது. பின்னாளில் பல நாடுகள் ஏற்ற நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு அது வழிகாட்டியது. மருந்தைக் கண்டறிவதோடு மருத்துவம் முடிவதில்லை. ஏழையின் வீட்டிலும் அது பலிக்கும் என்று ஆய்வகச் சான்றுடன் மெய்ப்பித்ததே சென்னையின் பெருங்கொடை.