ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் ராக்கெட் எழுந்த ஆண்டு

சென்னைக்கு மேற்கே உள்ள பாடியில் வாழும் வாசகர் எவரேனும் இதைப் படிப்பாரானால், முதலில் ஒரு தேசப் படத்தை விரித்து வைத்துக்கொள்ளட்டும். பாடியில் பென்சில் முனையை ஊன்றி, நேர் வடக்கே ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு செங்குன்றத்தைத் தாண்டும், பொன்னேரியைத் தாண்டும், பழவேற்காடு ஏரியின் நீர்ப்பரப்பில் இறங்கி, அப்பால் ஒரு நீண்ட மணல் தீவின் மேல் ஏறும். ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். அந்தத் தீவே ஸ்ரீஹரிகோட்டா. சாலை வழியே சுற்றிக்கொண்டு சூளூர்பேட்டை மார்க்கமாகப் போனால் தூரம் கூடும். ஆனால் ராக்கெட்டின் ஒளி சாலை வழியே வருவதில்லை அல்லவா? மேகமில்லாத இரவில் அங்கே ஒரு பெரிய ராக்கெட் ஏவப்பட்டால், பாடியின் மொட்டை மாடியில் நின்று வடக்கே நோக்குவோர் செந்நிற ஒளி ஒன்று எழுந்து கிழக்கே சாய்வதைக் காணலாம்.

அந்தத் தீவிலிருந்து முதன்முதலாக ஒரு ராக்கெட் எழுந்த நாள் 1971 அக்டோபர் 9. ரோகிணி-125 என்பது அதன் பெயர். 125 என்ற எண் அதன் குறுக்களவை மில்லிமீட்டரில் குறிக்கிறது. அதாவது பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு! அதே ஆண்டில் அமெரிக்கர்களைச் சந்திரனுக்குச் சுமந்து சென்ற சாட்டர்ன்-5 ராக்கெட்டின் அடிப்பகுதியோ 10 மீட்டர் அகலமுடையது. 110 மீட்டர் உயரமுடையது. அதன் அருகே நம் ரோகிணியை நிறுத்தினால், தென்னை மரத்தடியில் கிடக்கும் ஈர்க்குச்சி போலத்தான் தோன்றும். இருந்தும் 1971ஆம் ஆண்டின் விண்வெளி வரலாற்றில் இந்த ஈர்க்குச்சிக்கு ஓர் இடம் உண்டு. ஏன் என்பதை அறிய, அந்த ஆண்டு முழுவதையும் ஒரு முறை சுற்றிவர வேண்டும்.

முதலில் ஒரு கேள்வி. கேரளத்துத் தும்பாவில் 1963 நவம்பர் 21 முதல் ராக்கெட்டுகள் ஏவப்பட்டு வந்தனவே. அங்கே ஒரு தளம் இருக்க, இன்னொன்று எதற்கு?

விடை, பூமி சுழலும் திசையில் இருக்கிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நடுக்கோட்டுப் பகுதியில் நிற்கும் ஒருவர் தாம் அசையாமல் நிற்பதாக எண்ணினாலும், விநாடிக்குச் சுமார் 460 மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். ஸ்ரீஹரிகோட்டாவில் இந்த வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 450 மீட்டர். கிழக்கு நோக்கி ஏவப்படும் ராக்கெட்டுக்கு இது இலவசமாகக் கிடைக்கும் முதல். மேற்கு நோக்கி ஏவினாலோ, இதே வேகம் கடனாக நிற்கும். முதலில் அதை அடைத்துவிட்டுத்தான் மேலே முன்னேற வேண்டும். செயற்கைக் கோளைப் பூமிக்கு அருகிலுள்ள பாதையில் சுற்றவிட விநாடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகம் தேவை. இதில் 450 மீட்டர் என்பது பதினேழில் ஒரு பங்கு. சிறிய ராக்கெட் வைத்திருக்கும் ஏழை நாட்டுக்கு இது பெரிய தொகை.

தும்பா மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. அதற்குக் கிழக்கே கடல் இல்லை, ஊர்கள் இருக்கின்றன. காற்று மண்டலத்தின் மேலடுக்குகளை ஆராயச் செங்குத்தாகச் சென்று திரும்பும் சிறு ராக்கெட்டுகளுக்குத் தும்பா மிகப் பொருத்தமான இடம்; பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்வதுதான் காரணம். ஆனால் செயற்கைக் கோளை ஏவ வேண்டுமானால், எரிந்து தீர்ந்த அடுக்குகள் விழுவதற்குக் கிழக்கே திறந்த கடல் வேண்டும். அதனால்தான் டாக்டர் விக்ரம் சாராபாயும் அவருடன் உழைத்தவர்களும் கிழக்குக் கரையில் இடம் தேடி, 1969இல் ஸ்ரீஹரிகோட்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் பழவேற்காடு ஏரி, நடுவே சவுக்கும் புதர்க்காடும். ஆளில்லாத தீவு என்று சிலர் எழுதுவது சரியன்று. ஏனாதி மக்கள் அங்கே காட்டுப் பொருள்களைச் சேகரித்தும் மீன் பிடித்தும் தலைமுறைகளாக வாழ்ந்து வந்தவர்கள். ஏவுதள வரலாற்றை எழுதும்போது அவர்களை விட்டுவிடக் கூடாது.

இனி, உலகைப் பார்ப்போம். அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே, ஜனவரி 31 அன்று, அப்போலோ-14 புறப்பட்டது. முந்தைய ஆண்டில் அப்போலோ-13 பாதி வழியில் பழுதாகி உயிர் தப்பி வந்ததால், இப்பயணம் எப்படி முடியுமோ என்ற கவலை எங்கும் இருந்தது. நல்லபடியாகவே முடிந்தது. ஷெப்பர்ட், மிட்செல் இருவரும் சந்திரனில் கைவண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். ஜூலை 26 அன்று புறப்பட்ட அப்போலோ-15 வீரர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. அவர்கள் கார் கொண்டு போனார்கள்! பேருந்துக்கும் லாரிக்கும் சக்கரம் செய்த ஊராகிய பாடிக்காரர்களுக்கு அந்தக் காரின் சக்கரம் வியப்பளிக்கும். அதில் ரப்பரும் இல்லை, காற்றும் இல்லை. துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பியால் வலை போலப் பின்னிய சக்கரம் அது. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே மின் மோட்டார். ஸ்காட், இர்வின் இருவரும் அதில் மொத்தம் 28 கிலோமீட்டர் அளவு சுற்றி, 77 கிலோகிராம் பாறையும் மண்ணும் கொண்டு வந்தார்கள். ரஷ்யர்கள் அனுப்பிய லூனகோத்-1 என்ற எட்டுச் சக்கர வண்டி, ஆள் இல்லாமலே, பூமியிலிருந்து வந்த கட்டளைப்படி 1970 நவம்பர் முதல் சந்திரனில் ஊர்ந்து, 1971 செப்டம்பரில்தான் ஓய்ந்தது.

சந்திரனுக்கு ஆளை அனுப்பும் போட்டியில் ரஷ்யா பின்தங்கிவிட்டது. அதற்காக அவர்கள் கட்டிய என்-1 என்ற பெரும் ராக்கெட் 1971 ஜூன் 27 அன்று மூன்றாம் முறையாக ஏவப்பட்டு, ஒரு நிமிடம் கூடப் பறக்காமல் சிதைந்தது. அந்நாளில் வெளியுலகுக்கு இது தெரியாது. உலகம் அப்போது ரஷ்யாவின் வேறொரு சாதனையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விண்வெளியில் மனிதர் தங்குவதற்கான முதல் நிலையம், சல்யூட்-1, ஏப்ரல் 19 அன்று ஏவப்பட்டிருந்தது.

இந்த நிலையத்தின் கதையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏப்ரலில் சென்ற முதல் குழு அதனுடன் முழுமையாக இணைய முடியாமல் திரும்பிவிட்டது. அடுத்த குழு புறப்படவிருந்த நேரத்தில், அதிலிருந்த குபசோவ் என்பவரின் நுரையீரலில் ஏதோ நிழல் தெரிகிறது, காசநோயாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். மாற்றுக் குழு சோயஸ்-11 கலத்தில் ஜூன் 6 அன்று புறப்பட்டது. தோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயெவ் என்ற மூவர். மறுநாளே நிலையத்துக்குள் நுழைந்தார்கள். சோதனைகள் செய்தார்கள், செடி வளர்த்தார்கள், பத்சாயெவ் தம் 38ஆம் பிறந்த நாளை அங்கேயே கொண்டாடினார். தொலைக்காட்சியில் அவர்களைக் கண்ட ரஷ்ய மக்களுக்கு அவர்கள் அடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் போல ஆகிவிட்டார்கள்.

ஜூன் 30 விடியலில் திரும்பும் கலம் கசக்ஸ்தான் சமவெளியில் இறங்கியது. பாராசூட் சரியாக விரிந்தது. மெதுவாக இறங்க உதவும் ராக்கெட்டுகள் சரியாக எரிந்தன. மீட்புக் குழுவினர் ஓடிச் சென்று கதவைத் திறந்தார்கள். மூவரும் தத்தம் இருக்கைகளில் அமர்ந்தபடியே இருந்தார்கள். மூச்சு இல்லை.

நடந்தது இதுதான். இறங்கும் பகுதியிலிருந்து மற்றப் பகுதிகளைப் பிரிப்பதற்குச் சிறு வெடிகள் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க வேண்டியவை ஒரே கணத்தில் வெடித்தன. அந்த அதிர்ச்சியில் ஒரு வால்வு திறந்துகொண்டது. தரைக்கு அருகே வந்தபின் வெளிக்காற்றை உள்ளே விடுவதற்காக அமைந்த வால்வு அது. திறந்ததோ 168 கிலோமீட்டர் உயரத்தில். உள்ளிருந்த காற்று வெளியேறிவிட்டது. கையால் அதை மூடுவதற்கு ஆகும் நேரத்தை விட, நினைவு தப்புவதற்கு ஆகும் நேரம் குறைவு. காற்றழுத்த உடை அணிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். அணியவில்லை, அந்த உடையுடன் மூவர் அமர அக்கலத்தில் இடமே இல்லை. இரண்டு பேரை மட்டும் அனுப்பியிருக்கலாமே என்று நாம் இன்று எளிதாகக் கேட்கிறோம். அமெரிக்கா மூவரை அனுப்பும்போது தான் இருவரை அனுப்புவதா என்ற எண்ணம் போட்டியின் உள்ளே இருந்தது என்பதை மறுக்க முடியாது. அதன் பிறகு பல ஆண்டுகள், 1980 வரை, சோயஸ் கலத்தில் இருவர் மட்டுமே, காற்றழுத்த உடையுடன் சென்றார்கள்.

பாடிக்கு வந்தால், வால்வு என்ற சொல் இங்கே யாருக்கும் புதிதன்று. 1960களிலிருந்து வாகனங்களுக்குப் பிரேக் உறுப்புகள் செய்துவரும் ஊர் இது. ஒரு வால்வு உரிய நேரத்தில் திறப்பதிலும் உரிய நேரத்தில் மூடுவதிலும் எத்தனை உயிர்கள் தொங்குகின்றன என்பதை இங்குள்ள தொழிலாளிக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஊருக்குத் திருவலிதாயம் என்று பழம்பெயர் உண்டு. அங்குள்ள கோயிலைக் குரு தலம் என்று சொல்வார்கள். குரு என்றால் வியாழன். ஆனால் வியாழனுக்கு முதற்கலம் பயனியர்-10 புறப்பட்டது 1972 மார்ச்சில். ஆகவே அது நம் ஆண்டுக்குள் வராது. 1971 செவ்வாயின் ஆண்டு.

பூமியிலிருந்து செவ்வாய்க்குக் கலம் அனுப்ப ஏற்ற காலம் சுமார் 26 மாதங்களுக்கு ஒரு முறைதான் வாய்க்கும். 1971 மே மாதத்தில் அது வாய்த்தது. அம்மாதத்தில் மட்டும் ஐந்து கலங்கள் ஏவப்பட்டன. அமெரிக்காவின் மாரினர்-8ம் ரஷ்யாவின் ஒரு கலமும் தொடக்கத்திலேயே தோற்றன. மீதி மூன்று: ரஷ்யாவின் மார்ஸ்-2, மார்ஸ்-3, அமெரிக்காவின் மாரினர்-9. இவை வழியில் போய்க்கொண்டிருக்கும்போது, செப்டம்பரில் செவ்வாயில் புழுதிப் புயல் ஒன்று கிளம்பிக் கோள் முழுவதையும் மூடிவிட்டது. மாரினர்-9 நவம்பர் 14 அன்று போய்ச் சேர்ந்து, பூமியைத் தவிர வேறொரு கோளைச் சுற்றிய முதற்கலமாயிற்று. கீழே பார்த்தால் வெறும் புழுதி! ஆனால் அதன் கட்டளைகளைப் பூமியிலிருந்து மாற்றியமைக்க முடிந்தது. புழுதி அடங்கும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். ரஷ்யக் கலங்களுக்கு அந்த வசதி இல்லை. முன்பே எழுதி வைத்தபடி அவை இறங்குகலங்களைப் புயலுக்குள்ளேயே இறக்கின. மார்ஸ்-2இன் இறங்குகலம் மோதி நொறுங்கியது. மார்ஸ்-3இன் இறங்குகலம் டிசம்பர் 2 அன்று மெதுவாகத் தரை தொட்டு, இரண்டு நிமிடங்களுக்குள் பேச்சற்றுப் போயிற்று. பொறுத்திருந்த மாரினர்-9 பின்னர் 7,329 படங்களை அனுப்பியது. சுமார் 22 கிலோமீட்டர் உயர எரிமலையையும், காஷ்மீருக்கும் குமரிக்கும் இடைப்பட்ட தூரத்தை விட நீளமான பள்ளத்தாக்கையும் மனிதர் கண்டது அப்போதுதான்.

சிறிய போட்டியாளர்களும் சும்மா இருக்கவில்லை. மார்ச் 3இல் சீனா தன் இரண்டாம் செயற்கைக் கோளை ஏவியது. செப்டம்பர் 28இல் ஜப்பான் ஷின்சேய் என்ற கோளை ஏவியது. பிரிட்டனின் கதை விசித்திரமானது. ஜூலையில் அந்நாட்டு அரசு தன் ராக்கெட் திட்டத்தையே கைவிடுவதாக அறிவித்தது. கட்டி முடித்த ராக்கெட் ஒன்று மிச்சமிருந்ததால், அக்டோபர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் ஊமெராவிலிருந்து அதை ஏவினார்கள். வெற்றி! பிராஸ்பெரோ என்ற கோள் பாதையில் அமர்ந்தது, இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சொந்த ராக்கெட்டில் கோளை ஏவும் ஆற்றலைப் பெற்று, பெற்றவுடன் அதை விட்டுவிட்ட நாடு உலகில் பிரிட்டன் ஒன்றுதான்.

பிரிட்டன் கடையைக் கட்டிக்கொண்டிருந்த அதே அக்டோபரில்தான் ஸ்ரீஹரிகோட்டாவில் நம் ரோகிணி-125 எழுந்தது. சில கிலோகிராம் கருவிகளைச் சுமந்து, மேலேறி, சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்திருக்கும் சிறு ராக்கெட். அதனால் புதிய விஞ்ஞான உண்மை எதுவும் கிடைத்துவிடவில்லை. ஏவுமேடை, கண்காணிப்புக் கருவிகள், கவுண்ட் டவுன், கடலில் பாதுகாப்பு எல்லாம் சரியாக நடக்கின்றனவா என்று பழகிப் பார்ப்பதே அதன் பயன். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 11 அன்று, ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த சல்யூட்-1 காற்று மண்டலத்தில் இறக்கப்பட்டு எரிந்தது.

டிசம்பரில் நாடு போரில் இறங்கியது. பதினான்கு நாட்களில் போர் முடிந்தது. மாதக் கடைசியில் சாராபாய் தும்பாவில் நடக்கும் பணிகளைப் பார்வையிட வந்து, கோவளத்தில் தங்கினார். டிசம்பர் 30 அன்று தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 52. அவர் மனத்தில் வரைந்திருந்த செயற்கைக் கோள் ராக்கெட், எஸ்.எல்.வி.-3, அப்போது காகிதத்தில்தான் இருந்தது.

அடுத்த ஆண்டு சதீஷ் தவான் பொறுப்பேற்றார். திட்டத்துக்குத் தலைமை ஏற்றவர் இராமேசுவரத்தைச் சேர்ந்த அப்துல் கலாம். 1979 ஆகஸ்டு 10 அன்று முதல் எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 காலையில் இரண்டாவது எழுந்து, 35 கிலோகிராம் எடையுள்ள ரோகிணி செயற்கைக் கோளைப் பாதையில் சேர்த்தது. கிழக்கு நோக்கித்தான் அது சென்றது. பூமி கொடுத்த அந்த 450 மீட்டரையும் பெற்றுக்கொண்டு.