துறவிலிருந்து கிளைத்த முகாம்

பாலுறவு, நெருக்கம், தன்னையறிதல் என்று பேசும் இன்றைய முகாம்களுக்கு இரண்டு பூர்வீகங்கள் சொல்லப்படுகின்றன: பழைய தந்திர மரபு, 1960களின் ஹிப்பிக் கூத்து. இவற்றின் தாய்வீடு எனத்தக்க எசலன் நிலையத்தின் கதையைப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் பொருந்துகின்றன. கலிபோர்னியாவின் பிக் சர் கடலோரத்தில் 1962இல் அதைத் தொடங்கிய இருவரில் மைக்கேல் மர்ஃபி, 1956-57இல் பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் தியானம் பழகியவர். ஆசிரமவாசிகளுக்கு அங்கே பாலுறவு விலக்கு. டிக் பிரைஸோ மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, மின்னதிர்ச்சியும் இன்சுலின் அதிர்ச்சியும் தரப்பட்டவர். கட்டவிழ்ந்த இன்பத்தைத் தேடிக் கிளம்பியவர்கள் அல்லர் இவர்கள். உடலைத் தள்ளிவைக்காமல் ஆன்மிகம் கைகூடுமா என்பது ஒருவரின் தேடல். மனம் கலங்கியவரை நோயாளி என்று முத்திரை குத்தாத இடம் உண்டா என்பது மற்றவரின் தேடல். மர்ஃபி குடும்பத்துக்கு அங்கே வெந்நீர் ஊற்றுகளோடு நிலம் இருந்தது வசதியாகப் போயிற்று.

அப்படியானால் பாலுறவு எந்த வழியாக உள்ளே வந்தது? குழுமுறை வழியாக என்பேன். 1947இல் மெய்ன் மாநிலத்து பெத்தேல் ஊரில், உளவியலாளர் கர்ட் லெவினின் மாணவர்களும் சகாக்களும் ஒரு பயிற்சியை நடத்தினார்கள். வட்டமாக அமர்ந்து, அந்தக் கணத்தில் ஒருவர்மேல் ஒருவருக்கு எழும் உணர்வை மறைக்காமல் சொல்ல வேண்டும். நிர்வாகிகளைப் பக்குவப்படுத்தப் பிறந்த இம்முறையை 1967இல் உளவியலாளர் வில் ஷுட்ஸ் எசலனில் தீவிரமாக்கினார். மறைப்பதையெல்லாம் சொல் என்று விதித்தால், ஒரு சமூகம் எதை அதிகம் மறைக்கிறதோ அதுதானே முதலில் வெளியே வரும்?

பாதிரியாரையும் டாக்டரையும் இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் புதிய குரு உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதானே என்பது கனமான ஆட்சேபம். எசலனின் நட்சத்திரமான உளசிகிச்சையாளர் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் வந்தவர்களைப் பலர் முன்னிலையில் சிறுமைப்படுத்தியதும், பெண்களிடம் எல்லை மீறியதும் பதிவானவை. நிலையம் பிறக்குமுன் அந்த ஊற்றுகளில் கூடிவந்த ஓரினச்சேர்க்கை ஆண்களை நாய்களோடு போய் விரட்டியவர்களும் இதே நிறுவனர்கள்தாம். விடுதலையின் வரலாற்றாசிரியர்கள் இதைச் சற்று வேகமாகவே கடக்கிறார்கள். ஆனால் ஆட்சேபத்தின் முழு வலுவையும் முதலில் உணர்ந்தவர் பிரைஸ். 1970களின் இறுதியில் புனே ரஜனீஷ் ஆசிரமத்துக்குப் போனவர், அங்கே குழு அமர்வுகளில் கண்ட வன்முறையை வெளிப்படையாகக் கண்டித்தார். அவர் வகுத்த பயிற்சியில் வழிநடத்துபவர் ஆணையிடுவதில்லை. வந்தவரே தொடங்குவார், வேண்டும்போது நிறுத்துவார். எதிரில் இருப்பவர் கண்டதை மட்டும் திருப்பிச் சொல்வார்.