நெல்லுச்சோறும் கல்லீரல் கொழுப்பும்: கம்பம் பள்ளத்தாக்கு பற்றி ஒரு குறிப்பு

தேனி மாவட்டத்துல "ஃபேட்டி லிவர்"னு ரிப்போர்ட் வந்ததும் ரெண்டு பேச்சு கட்டாயம் வரும். ஒண்ணு, "நான் குடிக்கிறதே இல்லையே". இன்னொண்ணு, "எல்லாம் இந்த அரிசியாலதான், தாத்தா காலத்துல கம்பும் சோளமும் சாப்பிட்டாங்க". முதல் பேச்சுக்கு 1980-லயே பதில் வந்துடுச்சு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்ற மருத்துவர், மது அதிகம் குடிக்காதவர்களின் கல்லீரலிலும் குடிகாரர்களுக்கு வருவது போன்ற கொழுப்பும் வீக்கமும் இருப்பதை எழுதி, அதற்குத் தனிப் பெயரும் வைத்தார். ரெண்டாவது பேச்சை நம்ம ஊர் வரலாற்றை வச்சு கொஞ்சம் பார்க்கலாம்.

பள்ளத்தாக்கில் ஆற்றையும் குளங்களையும் நம்பி முன்பே கொஞ்சம் நெல் விளைந்தது உண்மைதான். ஆனால் மானாவாரிக் காட்டை நம்பியவர்களுக்குச் சோளம், கம்பு, கேழ்வரகு, சாமைதான் சாப்பாடு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் விசேஷத்துக்கும். 1887-ல் வேலை தொடங்கி 1895 அக்டோபரில் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டதும் இது மாறத் தொடங்கியது. மேற்கே போன தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பென்னிகுவிக். லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் ஆனது. இன்னைக்கும் ஜனவரியில் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறோம். தண்ணீர் எட்டாத மேட்டுக்காட்டு வீடுகளுக்கு ரேஷன் கடை மூலம் அரிசி போனது. 2011 ஜூன் முதல் அது இலவசம்.

அப்போ அரிசிதான் குற்றவாளியா? எனக்கு அப்படித் தோணல. அணைத் தண்ணியில விளைஞ்ச நெல்லைச் சாப்பிட்ட முதல் ரெண்டு மூணு தலைமுறை, அந்தச் சோற்றுக்கு ஈடா உடம்பால உழைச்சது. நாத்துப் பறிப்பு, நடவு, கதிரறுப்பு, களத்துமேடு எல்லாமே கையாலதான். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குத் தேவாரம் பக்கத்து ஆட்கள் சாக்குலூத்து மெட்டு வழியா நடந்தே மலையேறினாங்க. இப்போ கம்பம், கூடலூர்ல இருந்து ஜீப்புல போறாங்க. நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின். டீக்கடைக்குக்கூட பைக். சோறு மாறல, அதை எரிக்கிற பக்கம் மாறிடுச்சு.

இதுக்கு ரெண்டு ஆய்வுகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சென்னையில் டாக்டர் மோகன் குழு 2009-ல் வெளியிட்டதில், பரிசோதித்தவர்களில் 32 சதவீதம் பேருக்குக் கல்லீரல் கொழுப்பு. மேற்கு வங்கத்தின் பீர்பும் மாவட்டக் கிராமங்களில் 2010-ல் வெளியான ஆய்வில் 8.7 சதவீதம். அளந்த முறை கொஞ்சம் வேறுதான், ஆனா ரெண்டு இடமும் அரிசிச் சோறு. பீர்பும் ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கு. கொழுப்பு இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் பிஎம்ஐ 25-க்குக் கீழே! நம்மூர்ல "ஆளு ஒல்லி, தொப்பை மட்டும் லேசா"னு சொல்றோமே, கிட்டத்தட்ட அந்த ரகம். அதனால எடை மெஷினைவிட டேப் முக்கியம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுற ஆள். போன வருஷம் என் ஸ்கேன்ல கிரேடு 1 வந்ததுதான் இந்தத் தேடலுக்கே காரணம். படிச்சதுல புரிஞ்சது இது: சாப்பிட்ட மாவுச்சத்தின் பெரும்பகுதியை வாங்கிக்க வேண்டியது தசை. தசை நாள் முழுக்க நாற்காலியில உட்கார்ந்திருந்தா, மிச்சம் கல்லீரலுக்குப் போய் அங்கே கொழுப்பாகுது. நடந்தா, எடை குறையாவிட்டாலும் கல்லீரல் கொழுப்பு கொஞ்சம் குறையும். எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைச்சா வீக்கமும் தணிய வாய்ப்பு அதிகம். 70 கிலோ ஆளுக்கு அது 5 முதல் 7 கிலோ. அதையும் பட்டினி கிடந்து ஒரே மாசத்துல இறக்கக் கூடாது, வேகமா மெலிஞ்சா கல்லீரலுக்கே கெடுதல்.

சிறுதானியத்துக்கு மாறுறது நல்லதுதான், ஆனா பாதி உண்மை. நல்லாத் தீட்டின தினையில நெய்யும் வெல்லமும் ஊத்திப் பொங்கல் வச்சா தாத்தா சாப்பாடு ஆகிடாது. நான் செஞ்சது, தட்டுல சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்துல காயும் பயறும் வச்சது. ராத்திரி சாப்பிட்டதும் அரை மணி நேரம் நடை. காபி குடிக்கலாம், கல்லீரலுக்கு அது நல்லதுன்னே பல ஆய்வுகள் சொல்லுது. சர்க்கரை மட்டும் வேண்டாம். குடிக்கிறவங்க நிறுத்துறது நல்லது. மஞ்சள் காமாலைக்குக் கொடுக்கிற கீழாநெல்லியை இதுக்கும் அரைச்சுக் குடிக்கிறாங்க. காமாலை வேற, இது வேற.

கடைசியா திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர் திராட்சையைச் சாப்பிடலாமான்னு நிறையப் பேர் கேட்கிறாங்க. ஒரு கைப்பிடி, தோலோட மென்னு சாப்பிடுங்க. அதையே ஜூஸா அடிச்சா ஒரு டம்ளருக்கு ரெண்டு மூணு கைப்பிடி போகும், வடிகட்டினா நாரும் போயிடும், மேல சர்க்கரை வேற போடுறாங்க. பழச்சர்க்கரையில் பெரும்பகுதியைக் கையாளுறது கல்லீரல்தான். சுருளிப்பட்டி போனா, பழமா வாங்கிட்டு வாங்க.