கைக்காசும் கடைக்கணக்கும்

அரியலூரை அடுத்த ரெட்டிபாளையம் நான் பிறந்து வளர்ந்த ஊர். இன்று அவ்வட்டாரத்துக்குச் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் பெயர் தேடித் தந்துள்ளன. நான் பள்ளியில் பயின்ற அறுபதுகளின் பிற்பகுதியிலோ கம்பும் வரகும் பருத்தியுமே எங்கள் வாழ்வு. அந்நாளில் எங்கள் ஊரில் துவரம்பருப்புக்கு இரண்டு விலைகள் இருந்தன. கையில் காசோடு அரியலூர்க் கடைத்தெருவுக்குச் சென்றால் ஒரு விலை. ஊர் மளிகைக் கடையில் பற்று நோட்டில் எழுதி வாங்கினால் மற்றொரு விலை. பருப்பு என்னவோ ஒரே மண்டியிலிருந்து வந்த பருப்புத்தான். மேல்விலை காசில்லாதவருக்கு, கீழ்விலை காசுள்ளவருக்கு. சிறுவனாகிய எனக்கு இது தலைகீழான நியாயமாகத் தோன்றிற்று.

சிக்கனம் பற்றிப் பேசுவோர், மலிவான கடையைத் தேடிச் சென்று வாங்குங்கள் என்பர். நல்ல யோசனையே. ஆயினும் அந்த மலிவு எங்கிருந்து பிறக்கிறது, அதைப் பெறும் வாய்ப்பு யாருக்கு உண்டு என்று கேட்கத் தொடங்கினால், நாம் அரியலூரை விட்டு வெகுதொலைவு செல்ல நேரிடும். இங்கிலாந்திலுள்ள ராச்டேல் என்னும் நெசவாலை நகருக்குச் செல்வோம், வாருங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டுத் தொழிலாளியின் நிலை இரங்கத்தக்கது. சில ஆலை முதலாளிகள் கூலியைப் பணமாகத் தராமல், தங்கள் கடையிலேயே செல்லத்தக்க சீட்டாகத் தந்தனர். அக்கடையில் வைத்ததே விலை. இக்கொடுமையைத் தடுக்க 1831இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. பிற கடைகளிலோ கடன் எளிதில் கிடைத்தது. அதனோடு கலப்படமும் கிடைத்தது. மாவில் சுண்ணாம்புத் தூள், தேயிலையில் ஒரு முறை கொதிக்க வைத்து உலர்த்திய இலை. கடன்பட்டவன் கடைக்காரரிடம், "ஐயா, இந்த மாவு சரியில்லையே" என்று வாய்திறந்து கேட்க முடியுமா?

1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் மாலை, ராச்டேல் நகரில் டோட் சந்து என்னும் இடத்தில் இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கடை திறந்தனர். வாரந்தோறும் இரண்டு பென்னி, மூன்று பென்னி என்று சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுன் முதல் போட்டிருந்தார்கள். கடையில் இருந்த சரக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவத்திகள், அவ்வளவே. திறப்பு விழாவைக் காணத் திரண்டவர்களில் எள்ளி நகையாட வந்தவர்களே மிகுதி என்பர்.

இவர்கள் வகுத்துக்கொண்ட விதிகளுள் இரண்டை மட்டும் இங்கே நோக்குவோம். முதலாவது, எவருக்கும் கடன் இல்லை என்பது. இவ்விதியைக் கல்நெஞ்சு என்று எண்ணிவிடாதீர்கள். அதே நகரில் 1833இல் தொடங்கிய ஒரு கூட்டுறவுக் கடை, உறுப்பினருக்குக் கடன் கொடுத்தே இரண்டு ஆண்டுகளில் மூடப்பட்டது. அந்தத் தழும்பு இவர்கள் நெஞ்சில் ஆறாதிருந்தது. இரண்டாவது விதி இன்னும் நுட்பமானது. இவர்கள் சந்தை விலையைவிடக் குறைத்து விற்கவில்லை! ஊரில் என்ன விலையோ அதற்கே விற்றார்கள். பிறகு கணக்கு முடித்து, எஞ்சிய இலாபத்தை, ஒவ்வொருவரும் எவ்வளவுக்குச் சரக்கு வாங்கினாரோ அந்த வீதப்படி திருப்பித் தந்தார்கள்.

இதன் பயனைச் சிறிது எண்ணிப் பாருங்கள். கடையில் நாள்தோறும் நாலணா மீதியானால் அந்த நாலணா மறுநாளே வேறொன்றில் கரைந்துவிடும். காலாண்டுக்கு ஒரு முறை ஒரு தொகையாகக் கைக்கு வந்தால் அது செருப்பாகும். குழந்தையின் பள்ளிச் செலவாகும். சங்கத்திலேயே விட்டு வைத்தால் முதலாகும். வாழ்நாளில் சேமிப்பு என்பதையே அறியாத குடும்பம், உண்ட உணவாலேயே சேமித்தது. 1850க்குள் அச்சங்கத்தின் உறுப்பினர் தொகை ஏறத்தாழ அறுநூறாயிற்று. வாங்குவோரே கடைக்கு உடையவராகவும் இருந்தமையால் மாவில் சுண்ணாம்பு கலப்பதற்கு யாருக்கும் காரணமில்லாமற் போயிற்று. என் கருத்தில், மலிவைக் காட்டிலும் இதுவே பெரிய ஆதாயம்.

அக்காற்று அறுபது ஆண்டுகள் கழித்து நம் சென்னைக் கடற்கரை ஓரத்தை எட்டியது. 1904இல் இந்திய அரசு கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தை இயற்றிற்று. அதே ஆண்டில் தோன்றியதுதான் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். அதைத் தோற்றுவித்தவருள் ஒருவர் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியார். பிற்காலத்தில் நாவன்மையால் உலகப் புகழ் எய்திய அவர், அப்போது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். நாட்டின் முதல் கூட்டுறவுப் பண்டகசாலை என்னும் சிறப்பு அச்சங்கத்துக்கு உண்டு. வேடிக்கை என்னவெனில், அன்றைய சட்டம் கருதியது கடன் கொடுக்கும் சங்கங்களையே. அரிசி பருப்பு விற்கும் சங்கத்துக்குத் தெளிவான இடம் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிட்டியது. கடன் கொடுப்பதற்கென்று வந்த சட்டத்தின் நிழலில், கடனிலிருந்து தப்பும் வழி ஒன்று முளைத்தது.

ஆனால் ஒன்றை மறத்தற்கில்லை. அச்சங்கத்தைத் தொடங்கியோர் ஆசிரியரும் அரசு அலுவலரும் போன்ற மாதச் சம்பளக்காரர். முதல் தேதியன்று கையில் பணம் புரளும். மாதச் சாமானை மொத்தமாக வாங்கலாம். பருத்தி எடுத்த நாளில் மட்டும் காசைக் காணும் ரெட்டிபாளையத்து உழவனுக்கோ, அன்றாடக் கூலிக்கோ அது இயலுமா? அவர்கள் அரைக்கால் படி எண்ணெயும் ஒரு பொட்டலம் மிளகாயுமாக வாங்கியவர்கள். சிறிதளவாக வாங்குபவருக்கு எப்போதும் விலை கூடுதல்.

கடலுக்கு அப்பால் மலிவின் கலை வேறொரு வழியில் வளர்ந்தது. 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர், வாங்குவோர் தாமே சரக்கை எடுத்துக்கொள்ளும் கடையைத் திறந்தார். எடுத்துக் கொடுக்கும் ஆட்களின் கூலி மிச்சமாயிற்று. பெரும் பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய 1930இல், நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் மைக்கேல் கலன் ஒரு பழைய மோட்டார்க் கொட்டகையில் பேரங்காடி தொடங்கினார். அலங்காரம் இல்லை, வாடகை குறைவு, விற்பனை மிகுதி. ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து ஆல்பிரெக்ட் சகோதரர்கள், தம் அன்னையார் 1913இல் தொடங்கிய சிறு கடையை இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏற்று நடத்தி, 1962இல் ஆல்டி என்னும் பெயரை அதற்குச் சூட்டினர். சில நூறு பண்டங்கள் மட்டுமே வைப்பது, விற்காததை உடனே நீக்குவது, பெட்டியைப் பிரித்து அடுக்காமல் அப்படியே வைப்பது, இவை அவர்கள் முறை. அந்நாட்டுக் கடைகள் வில்லை கொடுத்துப் பின்னர்த் தள்ளுபடி தந்த காலத்தில், இவர்கள் அத்தள்ளுபடியை முன்கூட்டியே விலையில் கழித்துவிட்டனர். ராச்டேல் நெசவாளர் செய்ததற்கு நேர்மாறான செயல் இது! எது மேல்? வாங்குவோருக்கு உடனடி மகிழ்ச்சி ஆல்டியில், சேமிப்பு ராச்டேலில்.

நம் நாட்டிற்குத் திரும்புவோம். போரின் விளைவாக 1943இல் சென்னையில் உணவுப் பங்கீடு வந்தது. 1952இல் இராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். அறுபதுகளின் நடுவில் பஞ்சம் மீண்டும் தலைகாட்டியது. டில்லியில் சூப்பர் பஜார் திறக்கப்பட்ட 1966, ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்ட ஆண்டும் ஆகும். அடுத்த ஆண்டு தமிழகத்தில் ஆட்சி மாறியபோது, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சே எங்கும். சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஊர்த் திண்ணையில், "அந்த ஒரு படி நம்ம ஊருக்கு எப்ப வருமாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பின்னர் வந்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. நியாயவிலைக் கடைகள் சிற்றூர்தோறும் பரவின. அவற்றுள் பெரும்பாலானவற்றை நடத்துவன கூட்டுறவுச் சங்கங்களே. 1997இல் மத்திய அரசு, ஏழையர் எனக் கணித்தோருக்கு மட்டும் மலிவு அரிசி என்று வரம்பு கட்டியபோது, தமிழகம் அவ்வரம்பை ஏற்காது எல்லார்க்கும் கொடுத்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய். 2011 சூன் முதல் விலையே இல்லை. 2007இல் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. ராச்டேல் கடைக்குப் பணம் உறுப்பினருடையது. நியாயவிலைக் கடைக்குப் பணம் அரசுக் கருவூலத்தினுடையது, அதாவது ஊரார் அனைவருடையது. காசில்லாதவருக்கு மேல்விலை என்ற பழைய நியதி, அரிசியளவிலேனும் முதன்முதலாக உடைபட்டது இங்கேதான் என்று நான் கருதுகிறேன்.

நம் மாநிலத்து மலிவுக் கடைகளின் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கோவைக் கூட்டுறவு அங்காடிக்குச் சிந்தாமணி என்று பெயர். திருவல்லிக்கேணிச் சங்கம் தேனாம்பேட்டையில் தொடங்கியது காமதேனு. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கடை அமுதம். நினைத்ததை நினைத்தவுடன் தரும் மணி, பசு, சாவா மருந்து! ஆயினும் வாயிலில் பணப்பெட்டி உண்டு. 1997இல் சென்னையில் தோன்றிய தனியார் தள்ளுபடிக் கடை ஒன்று, பஞ்சமின்மை எனப் பொருள்படும் சுபிக்ஷா என்ற பெயரைச் சூடிக்கொண்டது. குளிரூட்டமோ பகட்டோ இல்லாத சிறு கடைகள். அச்சிட்ட விலையினும் குறைந்த விலை. மக்கள் விரும்பிச் சென்றனர். நாடெங்கும் ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட கிளைகளாய்ப் பெருகிய அந்நிறுவனம், 2009இல் பணமுடையால் மூடப்பட்டது. வாங்குவோரிடம் கைக்காசு கேட்ட கடை, தான் மட்டும் கடனில் வளர்ந்திருந்தது. 1835இல் மூடிய ராச்டேல் கடை கொடுத்த கடனால் வீழ்ந்தது. இது வாங்கிய கடனால் வீழ்ந்தது.

இனி எங்கள் ஊர்க் கடைக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போடுவோம். நூறு ரூபாய்ச் சரக்குக்குப் பத்து ரூபாய் கூடுதல் என்றும், பாக்கி இரண்டு மாதத்தில் அடைபடுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு அறுபது ரூபாய் வட்டி! கல்லூரியில் சேர்ந்த புதிதில் இக்கணக்கைக் கண்டுபிடித்து, கடைக்காரரைக் கொள்ளைக்காரர் என்றே முடிவு கட்டினேன். அவரும் அரியலூர் மண்டியில் கடனுக்கே சரக்கு எடுத்தார் என்பதும், ஊரைவிட்டுப் போனவர்களின் பாக்கியெல்லாம் அவர் தலையில் விடிந்தது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. திரும்பாத கடனின் சுமையைத் திருப்பித் தருவோரே பகிர்ந்து சுமந்தார்கள்.

நான் வேலைக்குச் சென்று மாதந்தோறும் மணியார்டர் அனுப்பத் தொடங்கியபின், என் அன்னையார் மாதச் சாமானை அரியலூரில் வாங்கலானார். எண்ணெயை மட்டும் ஊர்க் கடையிலேயே வாங்கி வந்தார். விடுமுறையில் சென்ற நான், இதனால் ஆண்டுக்கு இவ்வளவு நட்டம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது; எண் தெரியும். தாளைச் சிறிது நேரம் பார்த்தார்.

"மழை பேஞ்சு போன வருசம், ஆறு மாசம் அண்ணன் கடையில அரிசி எடுத்தமே, அது இதுல எங்கடா இருக்கு?" என்றார்.

"அதுக்குத்தான் வட்டியோட குடுத்துட்டோமேம்மா" என்றேன்.

"குடுத்தோம். குடுப்போம்னு நம்பி அவரு அளந்தாரே, அப்ப நம்மகிட்ட என்ன இருந்துச்சு?"

பருத்தி கருகிப்போன அவ்வாண்டில் எந்தக் கூட்டுறவுப் பண்டகசாலையும் எங்களுக்கு ஒரு படி அரிசி அளந்திராது. அதன் விதியே இடங்கொடாது. அந்த விதி தவறு என்றும் நான் இன்றளவும் சொல்லத் துணியேன். கடன் கொடுத்திருந்தால் அது மூடப்பட்டிருக்கும். அன்னையாரின் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. அவர் எண்ணெய் வாங்கும் கடையையும் மாற்றவில்லை.

கடைக்காரர் முதுமையுற்றபின் அவர் மக்கள் யாரும் தராசைத் தொடவில்லை. மாதச் சம்பளம் பெறும் குடும்பங்கள் ஊரில் பெருகின. பற்று நோட்டுகள் மறைந்தன. எங்கள் நோட்டு மட்டும் என் அலமாரியில் இருக்கிறது. அட்டையில் எண்ணெய்க் கறை. கடைசிப் பக்கத்தில் துவரம்பருப்பு, மிளகாய், கடலை எண்ணெய் என்று அவருடைய சாய்ந்த கையெழுத்து. அடியில் மொத்தத் தொகை. அதன் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு.